அளவு நோட்டுக்கு ஒரு சாவி

அத்தியாயம் 14

பத்தொன்பது அளவு நோட்டுகளையும் அப்ரோஸ் பேகம் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டதைப் போன வாரம் படித்துவிட்டு, இந்தப் பொம்பளைக்கு என்ன துணிச்சல் என்று வாயைப் பிளந்திருப்பீர்கள். இருபத்தாறு வருடத் தையல் அது. ராஜபாளையத்திலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலுமாக நானூற்றுப் பன்னிரண்டு பெண்களின் கழுத்து, தோள், கை, இடுப்பு எல்லாம் அந்த நோட்டுகளில்தான் இருந்தன. அடுப்பில் போட்ட அன்று அவளும் சோறு இறங்காமல்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் வேறு வழி இல்லை. கடையில் காத்திருந்த ஒரு புண்ணியவதி நோட்டைப் புரட்டி, புதிதாகக் கல்யாணமான ஒரு பெண்ணின் பக்கத்தைப் போட்டோ எடுத்து, அந்தப் பெண்ணின் நாத்தனார்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். கேலி தாங்காமல் அந்தப் பெண் கடை வாசலில் வந்து நின்று அழுதாள். அன்றைக்கு அப்ரோஸ் பேகம் ஒரு வாக்குக் கொடுத்தாள். இனி ஒரு பெண்ணின் அளவை இன்னொரு கண் பார்க்காது.

வாக்குக் கொடுத்தது அம்மா. அதற்கு வழி செய்தது மகள். ஜுவைரியாவுக்கு இருபத்துமூன்று வயது. எம்.சி.ஏ. முடித்துவிட்டு, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். அம்மாவுக்காகத் தானே உட்கார்ந்து ஒரு ப்ரோக்ராம் எழுதினாள்.

"அளவு எல்லாம் கம்ப்யூட்டர்லதாம்மா இருக்கும். ஆனா கலைச்சுப் போட்டு இருக்கும். யார் திறந்து பார்த்தாலும் கிறுக்கல்தான் தெரியும். சாவி இருந்தாத்தான் ஒழுங்கா வரும்."

"சாவின்னா எந்தச் சாவிடி?"

"அது ஒரு ஃபைல். ப்ரோக்ராமே ஒரு தடவ சாவிய உண்டாக்கி, பென்டிரைவ்ல எழுதி வச்சிருக்கு. நீங்க பென்டிரைவச் சொருகுனா, அத வாசிச்சுட்டுத் திறக்கும். பூட்டு கடையில, சாவி வீட்டுல."

பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டுவதற்குப் பூட்டு எதற்கு என்பது அப்ரோஸ் பேகத்துக்கும் தெரியும். ஒற்றை விரலால் பதினோரு நாள் தட்டி, நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் ஏற்றினாள். அதன் பிறகுதான் அடுப்புக் கதை. பென்டிரைவ் பீரோவுக்குள் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

இன்றைக்கு வியாழக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடிக்கு இரண்டு சந்து தள்ளி, அவளுடைய இரண்டாவது கடையைத் திறந்தாயிற்று.

காலை எட்டரைக்கே பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து ஃபாத்திஹா ஓதிவிட்டுப் போனார். சந்து முழுக்கச் சாம்பிராணி மணம். எதிர்வீட்டுக்காரர்கள் தாங்களாகவே வந்து வாசலில் கோலம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அப்ரோஸ் பேகம் புதுச் சேலை சரசரக்க, புது நாற்காலியில், ராஜபாளையம் கடையிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். நாற்பத்தெட்டு வயதில் இரண்டாவது கடை. அவளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. சும்மா சுவரைப் பார்த்துக்கூடச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கணவர் சாகுல் ஹமீது ராஜபாளையத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். காலையில் பென்டிரைவைக் கைக்குட்டையில் சுற்றி அவர்தான் எடுத்துக் கொடுத்தார். பூந்தி தயாரானதும் வாங்கிக்கொண்டு பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஜுவைரியா இரண்டு தையல் மெஷின்களை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

முதல் வாடிக்கையாளராக வந்தவள் சோழபுரத்துக் குருவம்மாள். வரும்போதே வாசலில் செருப்பை ஒன்று இங்கும் ஒன்று அங்குமாக உதறிவிட்டு உள்ளே பாய்ந்தாள்.

"யக்கா, கடை நல்லாருக்கு, மகராசியா இருங்க. இந்தாங்க பட்டு. எம் பொண்ணு முனீஸ்வரிக்கு வார புதன்கிழம கல்யாணம். மாப்பிள்ள மகாராஜபுரம்னு சொன்னேன்லா?"

"சொன்ன, சொன்ன. பொண்ணு எங்க?"

"மஸ்கட்லதான் இருக்கா. நர்சு வேலைன்னா சும்மாவா, லீவு தரமாட்டேங்கான். செவ்வாக்கெழம காலையிலதான் மதுரையில வந்து எறங்குதா. அளவுதான் ஒங்கட்ட இருக்கே. மாசியில வந்தப்ப எடுத்தீயளே."

"இருக்கு, இருக்கு. நீ உக்காரு."

கல்யாண ஜாக்கெட். முதுகிலும் கையிலும் ஆரி வேலை. ஆரி வேலை என்றால், துணியை வெட்டுவதற்கு முன்பே அளவை அதன்மேல் வரைந்துகொள்ள வேண்டும். அந்தக் கோட்டுக்குள்தான் ஜரிகைப் பூ ஏறும். ஆரி போடும் தங்கபாய் பன்னிரண்டு மணிக்கு வந்து துணியை வாங்கிக்கொண்டு போனால்தான் திங்கட்கிழமைக்குள் முடிப்பாள். அதற்கு மேல் ஒரு மணி நேரம் தள்ளினாலும் கல்யாணப் பெண்ணுக்கு வெறும் பட்டுதான்.

நேரம் நிறையக் கிடக்கிறது என்று நினைத்தாள் அப்ரோஸ் பேகம். மணி ஒன்பதரைதான். கைக்குட்டையை அவிழ்த்தாள். பென்டிரைவைச் சொருகினாள். பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு தட்டு தட்டினாள்.

கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்தது. பிறகு திரையில் தமிழில் எழுத்து வந்தது. அம்மாவுக்குப் புரிய வேண்டுமென்று ஜுவைரியா எல்லாவற்றையும் தமிழிலேயே வைத்திருந்தாள்.

'சாவி செல்லாது. புதுச் சாவி உருவாக்கவா?' கீழே இரண்டு பட்டன். ஆம். இல்லை.

முதல் வரியைப் பார்த்து அப்ரோஸ் பேகத்துக்குச் சுருக்கென்றது. இரண்டாவது வரியைப் பார்த்ததும் மனம் தெளிந்துவிட்டது. புதுச் சாவியா! அதுதானே விஷயம்? கடை மாறியிருக்கிறது. வீடு மாறினால் பூட்டு சாவி மாற்றுவதில்லையா? எல்லாம் புதுசாக இருக்கிற இடத்தில் சாவி மட்டும் பழசாக இருந்தால் செல்லாதுதான். மகள் எவ்வளவு முன்யோசனையோடு எழுதியிருக்கிறாள் என்று மனம் குளிர்ந்து, மவுஸை 'ஆம்' பக்கம் நகர்த்தினாள்.

"யக்கா, ஒரு நிமிசம்," என்றாள் குருவம்மாள். "கை எம்புட்டு நீளம் வைக்கீக? முட்டி வரைக்கும் வேணுங்கா எம் பொண்ணு. அவ அத்தைகாரி அரைக் கைதான் அழகுன்னு..."

"முட்டி வரைக்குமே வச்சுரலாம். கல்யாணத்தன்னைக்கு பொண்ணு பேச்சத்தான் கேக்கணும்."

இதற்குள் போன் அடித்தது. ஜுவைரியா. பின்னால் லோடு ஆட்டோவின் கடகடப்பு.

"ம்மா, மம்சாபுரம் விலக்கு தாண்டிட்டோம். இன்னும் பத்து நிமிஷம். ஊதுபத்தி ஏதும் வாங்கணுமா?"

"ஒண்ணும் வேண்டாம். நீ வா. ஏட்டி, நல்ல வேல பண்ணிருக்க போ. கடை மாறுனா சாவி மாத்தணும்னு அதுவே கேக்குதே!"

"என்ன கேக்குது?"

"புதுச் சாவி உருவாக்கவான்னு. இந்தா, ஆம் அமுக்கப் போறேன்."

போனில் ஒரு அலறல் வந்தது. குருவம்மாளுக்கே கேட்டது. ஆட்டோக்காரர் பயந்து பிரேக் அடித்த சத்தமும் சேர்ந்து வந்தது.

"அமுக்காதீங்க! ம்மா! கைய எடுங்க! மவுஸ்ல இருந்து கைய எடுங்க!"

அப்ரோஸ் பேகம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டாள். போன் மடியில் விழுந்தது. அதைக் குருவம்மாள் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "எடுத்துட்டாவ தாயி, ரெண்டு கையையும் தூக்கிட்டாவ," என்றாள்.

"அம்மாட்ட குடுங்கத்தை. ம்மா, அமுக்கிட்டீங்களா?"

"இல்லடி. என்னட்டி ஆச்சு?"

"ஆம் கொடுத்தா புதுசா ஒரு சாவி செஞ்சு, பழைய ஃபைல் மேலயே எழுதிரும். பழைய சாவி போயிரும். பொறவு அந்த அளவு எல்லாம் யாராலயும் திறக்க முடியாது. என்னாலயும் முடியாது. ஒண்ணையும் தொடாதீங்க, நான் வந்துட்டேன்."

அப்ரோஸ் பேகம், சற்று முன்னால் வரை தான் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த சுவரையே வெறித்துப் பார்த்தாள். பத்தொன்பது நோட்டு. அடுப்பு. இருபத்தாறு வருடம். எல்லாவற்றையும் ஒரு விரலால் அழிக்க இருந்தாள்.

குருவம்மாள் விஷயம் முழுதாகப் புரியாவிட்டாலும் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "எம் பொண்ணு அளவு இருக்குல்லா யக்கா?" என்றாள் மெல்ல.

"இருக்கு. உள்ள இருக்கு. திறக்கணும், அம்புட்டுத்தான்."

"அவ பழைய ஜாக்கெட்டு ஒண்ணுகூட ஊர்ல இல்லயே. அம்புட்டையும் பொட்டியில அடுக்கிட்டுப் போயிட்டா. அவளையே அங்கன டேப்பு வச்சு எடுக்கச் சொல்லுவமா?"

"தன் தோளத் தானே அளக்க முடியுமா குருவம்மா? ஒரு இஞ்ச் மாறுனா கல்யாண போட்டோவுல காலத்துக்கும் நிக்கும்."

இரண்டு பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜுவைரியா வந்து சேர்ந்தபோது மணி பத்து. மெஷின்களை இறக்கச் சொல்லக்கூட நிற்காமல் ஓடிவந்தாள். ஆட்டோக்காரர் தாமே தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இறக்கினார். அவள் திரையைப் பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள். 'இல்லை' என்ற பட்டனை அமுக்கினாள்.

"இந்த ஆம் பட்டன வச்சதே நாந்தாம்மா. முதல் நாள் சாவியே இருக்காதுல்ல, அப்ப உண்டாக்கணுமேன்னு வச்சேன். பொறவு எடுக்க மறந்துட்டேன். என் தப்பு."

"தப்பு யார் பேர்ல வேணா இருக்கட்டும். திறக்குமா திறக்காதா?"

ஜுவைரியா முதல் காரியமாகப் பென்டிரைவில் இருந்த சாவி ஃபைலைத் தன் லேப்டாப்பில் ஒரு காப்பி எடுத்துக்கொண்டாள். பிறகு காப்பியைத் திறந்தாள். அப்ரோஸ் பேகம் அந்தச் சாவியை இதுவரை பார்த்ததே இல்லை. பித்தளைச் சாவி மாதிரி ஒரு படமாவது இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஒரே ஒரு வரிதான் இருந்தது. எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து, கோழி கிளறியது மாதிரி ஒரு வரி.

ஜுவைரியா எண்ணினாள். விரலால் தொட்டுத் தொட்டு இன்னொரு முறை எண்ணினாள்.

"அறுபத்தேழு இருக்கு."

"எம்புட்டு இருக்கணும்?"

"அறுபத்துநாலு. மூணு கூட இருக்கு. அதான் ப்ரோக்ராம் சாவிய ஏத்துக்கல. யாரோ ஃபைலத் திறந்து மூணு எழுத்த உள்ள சேத்திருக்காங்க. எந்த மூணுன்னு எப்பிடித் தெரியும்? எல்லாமே ஒரே மாதிரித்தான இருக்கு."

"கூடுனத எடுத்துட்டா?"

"எந்த மூணையும் எடுக்கலாம்ல. நாப்பத்தேழாயிரத்துத் தொள்ளாயிரத்து அஞ்சு வழி இருக்கு. ஒவ்வொண்ணாப் போட்டுப் பாக்க ஒரு ப்ரோக்ராம் எழுதிருவேன், அது பிரச்சினை இல்ல. ஆனா சேத்தது மட்டும்தானா, இல்ல எதையாச்சும் அழிச்சிட்டு வேற போட்டிருக்காங்களான்னு தெரியலயே. அழிச்சிருந்தா..." அவள் அம்மாவைப் பார்த்தாள். "வேற காப்பிகூட எடுத்து வைக்கலம்மா. ஒரே சாவி இருந்தாத்தான் பத்திரம்னு நெனச்சுட்டேன்."

மகளின் கண் கலங்குவதைப் பார்த்ததும் அப்ரோஸ் பேகத்துக்குத் தன் பயம் மறந்துபோயிற்று. இந்தப் பெண்ணை நம்பித்தான் நோட்டுகளைக் கிழித்தாள். அதில் அவளுக்கு வருத்தமில்லை, இப்போதும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டினாள்.

"தள்ளு, நானும் பாக்கேன்."

"ஒங்களுக்கு என்னம்மா தெரியும் இதுல?"

"தெரியலன்னா போவுது. பாக்கக் கூடாதா?"

பார்த்தாள். முதலிலிருந்து பார்த்தாள். துணியைப் பார்க்கிற மாதிரி, கரையில் ஆரம்பித்து மெல்லப் பார்த்தாள். வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. வரியின் தொடக்கத்திலேயே கண் நின்றுவிட்டது.

786.

அப்ரோஸ் பேகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அப்படியேதான் இருந்தது. அதற்குப் பிறகுதான் ஒரு c, ஒரு 4, மற்ற கிளறல் எல்லாம்.

இருபத்தெட்டு வருடமாகச் சாகுல் ஹமீதோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு வேறு சாட்சி வேண்டுமா? மனுஷர் எழுதுகிற எந்தக் காகிதத்துக்கும் தலையில், பிஸ்மில்லாஹ்வுக்குப் பதிலாக எழுதும் இந்த மூன்று எண் வேண்டும். கடை பில்லில் இருக்கும். கேஸ் புத்தகத்தில் இருக்கும். கரண்ட் கார்டில், தண்ணீர்த் தொட்டியில், ஃபிரிட்ஜின் பின்பக்கத்தில் இருக்கும். ஜுவைரியாவின் ப்ளஸ் டூ ஹால் டிக்கெட்டில் எழுதிவைத்ததால், தேர்வு அறையில் அவள் பதில் சொல்ல முடியாமல் விழித்திருக்கிறாள்.

"ஏட்டி," என்றாள். சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. "முதல் மூணப் பாரு."

ஜுவைரியா பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள்.

"அத்தா!" என்றாள்.

சொல்லிவைத்த மாதிரி, சொன்ன நேரத்துக்கு முன்பே, சந்துமுனையில் டி.வி.எஸ். வண்டிச் சத்தம் கேட்டது. சாகுல் ஹமீது பூந்திப் பெட்டியோடு வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, அத்தர் மணம், முகமெல்லாம் பூரிப்பு. மூன்று பெண்களும் ஒரே மாதிரி தம்மை முறைப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன, பூந்தி கம்மியா?"

"என்னங்க, பென்டிரைவ என்ன பண்ணுனீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலயே. பீரோவுல இருந்து எடுத்தேன், ஒங்கையில குடுத்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி..." அவர் பூந்திப் பெட்டியை மேஜையில் வைத்தார். "நேத்து மத்தியானம் மளிகைக் கடை கம்ப்யூட்டர்ல சொருகிப் பாத்தேன். நல்ல நாளும் அதுவுமா, உள்ள சரக்கு இருக்கா இல்லையான்னு பாக்காம எப்பிடிக் குடுத்தனுப்புறது? அரிசி மூட்டையக்கூட நான் பிரிச்சுப் பாக்காம அனுப்புறதில்ல."

"பாத்தீங்க. சரி. பொறவு?"

"ஒரு வரி இருந்துச்சு. தலைப்பு ஒண்ணும் இல்லாம மொட்டையா இருந்துச்சு. புதுக் கடைக்குப் போற எழுத்து, மொட்டையாவா போகணும்? அதான் முன்னாடி 786 போட்டேன். சேவ் பண்ணவான்னு கேட்டுச்சு. ஆமான்னேன்." சொல்லிவிட்டு அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "ஏன், ஆகாதா?"

"வேற எதையாச்சும் அழிச்சீங்களாத்தா?" என்றாள் ஜுவைரியா.

"நான் ஏன் அழிக்கேன்? நல்லாருக்கட்டும்னு சேத்துத்தான் வச்சேன்."

ஜுவைரியா லேப்டாப் பக்கம் திரும்பினாள். காப்பியில் முதல் மூன்று எண்ணை மட்டும் அழித்தாள். எண்ணினாள். அறுபத்துநாலு. சேவ் செய்தாள். அந்தக் காப்பியைப் பென்டிரைவுக்கு மாற்றிக் கம்ப்யூட்டரில் சொருகினாள்.

"நீங்களே தட்டுங்கம்மா."

அப்ரோஸ் பேகம் தட்டினாள். கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்தது.

திரையில் பெயர்கள் வந்தன. வரிசை வரிசையாக வந்தன. சந்தனம், மேலத் தெரு. ஜோதிலட்சுமி, பழையபாளையம். ஜமீலா, அத்தை மகள். கீழே ஓரத்தில், மொத்தம் 412 என்று நின்றது.

அப்ரோஸ் பேகம் மகளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். நோட்டு எரிந்தபோதுகூட வராத அழுகை இப்போது வந்தது. குருவம்மாள் எழுந்து நின்று, வாயில் கையை வைத்து, சந்து அதிர ஒரு குலவை போட்டாள். எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். சாகுல் ஹமீது மட்டும், "அப்ப 786 போட்டது தப்புங்கிறீங்களா, தப்பில்லங்கிறீங்களா?" என்று எல்லாரையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தப்பில்லத்தா. சாவிக்குள்ள போட்டதுதான் தப்பு. வேணும்னா பென்டிரைவ் மேல மார்க்கர்ல எழுதிக்கோங்க."

அவர் உடனே சட்டைப் பையில் பேனா தேடினார்.

அப்ரோஸ் பேகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பட்டுத் துணியை மேஜையில் விரித்தாள். சாக்பீஸை எடுத்தாள். முனீஸ்வரியின் பெயரில் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தவள், தட்டாமல் நிமிர்ந்தாள்.

"எல்லாரும் அங்கிட்டுத் திரும்புங்க."

"நானுமா?" என்றாள் ஜுவைரியா. "நான்தாம்மா எழுதுனேன் இத."

"பூட்டு செஞ்சவனுக்கு பீரோவுக்குள்ள என்ன வேல? திரும்பு."

"யக்கா, பெத்த தாய்க்குமா?" என்றாள் குருவம்மாள்.

"வேணும்னா அவ வந்த பொறவு அவளே ஒனக்குச் சொல்லட்டும். வாக்குன்னா வாக்குதான்."

குருவம்மாள் முறைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, முகம் கனிந்து, சட்டென்று திரும்பிக்கொண்டாள். சாகுல் ஹமீது வாசலைப் பார்த்துத் திரும்பினார். ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பி நின்ற அந்த மூன்று முதுகுகளையும் பார்த்துக்கொண்டு, அப்ரோஸ் பேகம் கல்யாணப் பெண்ணின் அளவைப் பட்டின்மேல் வரைந்தாள். கை அவ்வளவு திடமாக வந்தது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தங்கபாய் வந்தாள். துணியை வாங்கிக்கொண்டு, ஒரு கை பூந்தியையும் வாயில் போட்டுக்கொண்டு போனாள். குருவம்மாள் புதன்கிழமைக்கு எல்லாரையும் குடும்பத்தோடு அழைத்துவிட்டு பஸ் பிடிக்க ஓடினாள்.

கூட்டம் கலைந்ததும் ஜுவைரியா பையிலிருந்து இன்னொரு பென்டிரைவை எடுத்தாள்.

"ஆம் பட்டன எடுத்துட்டேன். இனி சாவி இல்லன்னா, இல்லன்னுதான் சொல்லும், தானா புதுசு செய்யாது. ஆனா ரெண்டாவது காப்பி ஒண்ணு வேணும்மா. நம்ம வீட்டுல வேண்டாம், கடையிலயும் வேண்டாம். வேற வீட்டுல. அவிய கையில சாவி மட்டும்தான் இருக்கும், அத வச்சு ஒண்ணும் பாக்க முடியாது. ஆனா தொலைக்காத ஆளா இருக்கணும். திறந்து பாக்காத ஆளா இருக்கணும்." கடைசி வார்த்தையை அத்தாவைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்துல் ரஹ்மான்ட்ட குடுத்து வைப்போம்," என்றார் சாகுல் ஹமீது. "அரிசி மண்டியில பெரிய லாக்கரே வச்சிருக்கான்."

"லாக்கர் இருக்கு. வாய்க்குப் பூட்டு இருக்கா?" என்றாள் அப்ரோஸ் பேகம். பிறகு பூந்திப் பெட்டியை மூடினாள். "சப்ரீன்ட்ட குடுப்போம்."

சாகுல் ஹமீதின் கையிலிருந்த பூந்தி வாய்க்குப் போகாமல் நின்றது.

சப்ரீன் அவருடைய ஒரே தங்கை. இதே ஊரில்தான், செண்பகத்தோப்பு ரோட்டில் வீடு. நான்கு வருடத்துக்கு முன்னால், தன் மகன் ஆபிதுக்கு ஜுவைரியாவைப் பெண் கேட்டு வந்தாள். பெண் படிக்கட்டும் என்று சொல்ல வேண்டியதை, நாலு பேர் நடுவில் சாகுல் ஹமீது வெடுக்கென்று சொல்லிவிட்டார். அன்றைக்கு எழுந்து போனவள்தான். பெருநாளுக்குக்கூடப் பேச்சில்லை.

"அவ நம்மகூடப் பேசுறதே இல்ல," என்றார்.

"பேசுறதில்ல. சரி, நம்மளப் பத்தி யார்ட்டயாச்சும் பேசியிருக்காளா?" அப்ரோஸ் பேகம் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "கல்யாணமான புதுசுல, தினமும் மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போறேன்னு போவேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அக்கா வீட்டுக்குப் போகல. தையல் கிளாசுக்குப் போனேன். ஆறு மாசம். ஒங்கம்மாவுக்குத் தெரிஞ்சா விட மாட்டாவன்னு பயம். ஒங்க தங்கச்சிக்கு மட்டும் தெரியும். அப்ப அவளுக்குப் பதினேழு வயசு. இம்புட்டுச் சண்டைக்குப் பொறவாவது ஒங்ககிட்ட சொன்னாளா?"

சாகுல் ஹமீது மனைவியைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். இருபத்தெட்டு வருடம். அரிசி மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் அனுப்பாத மனுஷர்.

"சொல்லல," என்றார் கடைசியில். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"கோவத்துலயும் வாயத் திறக்காதவ. அவகிட்டதான் இந்தச் சாவி இருக்கணும். நான் போயிட்டு வாரேன். நீங்க கடையப் பாத்துக்கோங்க." அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, பூந்தியில் பாதியைத் தனியாகக் கட்டினாள். "ரோட்டுல இறங்கி ரெண்டாவது வளைவுதான? அந்த நீலக் கதவு வீடு."

"இப்பப் பச்சைம்மா," என்றாள் ஜுவைரியா, ரெண்டாவது பென்டிரைவில் காப்பி ஏறுவதையே பார்த்துக்கொண்டு. "நோன்புக்கு முன்னாடியே பெயிண்ட் அடிச்சுட்டாங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான்கு வருடமாக இந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை என்றுதான் மற்ற இரண்டு பேரும் நினைத்திருந்தார்கள்.

சாகுல் ஹமீது மனைவியைப் பார்த்தார். மனைவி மகளைப் பார்த்தாள். மகள் அவசர அவசரமாகக் குனிந்து, தையல் மெஷினுக்கு அடியில் இல்லாத ஊசியைத் தேட ஆரம்பித்தாள். காது மட்டும் செக்கச் செவேலென்று சிவந்து வெளியே தெரிந்தது.

அப்ரோஸ் பேகம் பூந்திப் பொட்டலத்தை மகளின் முன்னால் நீட்டினாள்.

"எந்திரி. நீயும் கூட வா. வழி தெரிஞ்சவ முன்னால நட."